ஆறு நூல் தேக்கு

முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். ஒரு பேனாவுக்கு இவ்வளவு மரம் போதும். தச்சுக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் எங்கள் பட்டறையில் இதை ஆறு நூல் கட்டை என்போம். நிலை செய்து மிஞ்சியது, கட்டில் கால் அறுத்து மிஞ்சியது, பழைய உத்திரத்தின் உளுத்த நுனியைக் கழித்தபின் மிஞ்சியது என எதிலிருந்தும் ஓர் ஆறு நூல் கட்டை கிடைத்துவிடும். காரைக்குடிப் பக்கம் கடைசல் வேலை செய்கிறவன் நான். என் கைக்கு வரும் துண்டுகளில் பெரும்பகுதி பர்மாத் தேக்கு.

அந்தத் தேக்கு காட்டில் எப்படி வெட்டப்பட்டது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களே பலர் அறிந்திருக்கவில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். ஆற்றில் மிதக்கவிட்டு இறக்க வேண்டுமென்றால் முதலில் உலர வேண்டும். அதற்காக மரத்தின் அடியில் பட்டையோடு வெள்ளை மரத்தையும் வைரம் தெரியும்வரை சுற்றிலும் வெட்டி விட்டுவிடுவார்கள். மேலே நீர் ஏறாமல் மரம் நின்ற நிலையிலேயே சாகும். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே காய்ந்தபின் சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கரைக்கு இழுத்து, முத்திரைச் சுத்தியலால் அடையாளம் குத்தி மழை வெள்ளத்துக்குக் காத்திருப்பார்கள். வெள்ளம் வந்தால் கட்டைகள் ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றில் தெப்பங்களாகக் கட்டப்பட்டு ரங்கூன், மோல்மீன் அறுவை ஆலைகளுக்கும் போகும். அறுத்த சட்டம் கப்பலேறும். அதன்பிறகு நம் ஊரில் ஒரு நூற்றாண்டு ஓட்டுக்கூரைக்கடியில் வெயிலும் மழையும் படாமல் கிடந்திருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தில் பேனா கடைந்தால் ஆறே மாதத்தில் கீறல் விடும். இந்தத் துண்டுகள் அசையாது. சுருங்க வேண்டிய அளவெல்லாம் அவை எப்போதோ சுருங்கி முடித்தவை.

இந்த மரத்துக்காக ஒரு ராஜ்ஜியமே போனது. பம்பாய் பர்மா வணிகக் கழகம் என்ற ஆங்கிலேயக் கம்பெனி மேல் பர்மா மன்னரின் காடுகளில் தேக்கு வெட்டக் குத்தகை எடுத்திருந்தது. பணம் கட்டிய கணக்கைவிட அதிகமான கட்டைகளை எடுத்துவிட்டது என்று 1885 ஆகஸ்டில் மாண்டலேயின் மன்னர் மன்றம் தீர்ப்பளித்து, சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அக்டோபரில் ஆங்கிலேயர் இறுதி எச்சரிக்கை அனுப்பினார்கள். நவம்பர் முடிவதற்குள் மாண்டலே விழுந்தது. தீபா மன்னரை ரத்னகிரிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். பிரெஞ்சுக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயமும் அந்தப் போருக்குக் காரணம்தான். என்றாலும் சாக்காக அமைந்தது மரக்கணக்கு. இதைப் படித்த நாளிலிருந்து பர்மாத் தேக்குத் துண்டு ஒன்றை அடுப்பில் போட எனக்கு மனம் வருவதில்லை.

கீழ் பர்மா அதற்கு முன்பே, 1852 போரில், ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாக மாறியபோது பயிரிட்டவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் நகரத்தார்களான செட்டியார்கள். ரங்கூன் மொகல் தெருவில் வரிசையாக அவர்களின் கிட்டங்கிகள். 1930 வாக்கில் பர்மா முழுக்க 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளின் முகப்புத் தூண், பட்டாலைத் தூண், வளவைச் சுற்றிய உத்திரம், கைமரம், நிலை, கதவு, சன்னல், பரண் பலகை எல்லாம் அந்தத் தேக்குதான். இழைத்தவர்களும் கொத்தியவர்களும் எங்கள் ஆட்கள்.

பிறகு சரிவு. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் இருபத்தைந்து பங்காகியிருந்தது. விரும்பி வாங்கிய சொத்தில்லை அது. உழுதவனின் கோபத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், ஓட்டம். சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. 1960களில் கடைகளும் போயின. இங்கே வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகி, குடும்பப் புள்ளிக்கு ஓர் அறையும் வளவில் ஒரு பங்கும் என்றாகி, எல்லோரும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாட்டிலும் குடியேறிவிட்டால் ஓடு மாற்றுவது யார்? வருடம் ஒருமுறை படைப்புக்குக் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், கலைகிறார்கள். பேச்சு முறிந்த வீடுகள் இடிப்புக்குப் போகின்றன. தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். கடைக்கு உதவாதது எங்களிடம் வரும்.

மிச்சம் யாருக்கு என்பது தச்சுத் தொழிலில் எந்த ஊரிலும் பழைய வழக்கு. இங்கிலாந்தின் அரசுக் கப்பல் தளங்களில், தெட்போர்டிலும் சாத்தமிலும், வேலை முடிந்து போகும்போது வெட்டிய துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போவது தச்சர்களின் உரிமையாக இருந்தது. கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்ற காலத்தில் அடுப்பெரிக்கவும் கூரை ஒட்டவும் அந்தத் துண்டுகளே துணை. நீளம் மூன்றடிக்கு மேல் கூடாது என்று விதி போட்டார்கள். விதி வந்ததும் நல்ல மரத்தையே மூன்றடிக்குள் வரும்படி அறுத்துத் துண்டாக்குவது தொடங்கிவிட்டது. தோளில் வைத்துக் கொண்டுபோவதா, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதா என்பதில்கூடச் சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் 1801இல் அந்த உரிமையை எடுத்துவிட்டு, கப்பல் தச்சருக்கு நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் ஈட்டுப்பணம் கொடுத்தார்கள். நல்ல மரத்தை வெட்டித் துண்டாக்கிய அந்தச் செய்தி எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் துண்டுகளுக்கு ஓர் இறங்குவரிசை உண்டு. தாத்தா காலத்திலிருந்து வருவது. ஓரடிக்கு மேல் இருந்தால் முக்காலிக் கால், மணை, நடைவண்டிச் சட்டம். அதற்குக் குறைந்தால் பூரிக்கட்டை, மத்து, தொட்டில் கம்பு. இன்னும் குறைந்தால் உளிப்பிடி, அரப்பிடி, சுவரில் ஆணியடிக்கச் செருகும் ஆப்பு, பொருத்துக்கு மர ஆணி. இழைப்புச் சுருள் வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்புக்கு. மரத்தூள் தூளடுப்புக்கு. பிளாஸ்டிக் வந்து ஆப்பையும் பிடியையும் எடுத்துக்கொண்டது. எவர்சில்வர் மத்தை எடுத்துக்கொண்டது. இறங்குவரிசையின் நடுப்படிகள் காணாமற்போய், ஓரடிக்குக் குறைந்த தேக்கு நேராகத் தீக்குப் போகத் தொடங்கிய காலத்தில்தான் பேனா வந்து சேர்ந்தது.

மரம் பேனாவுக்குள் வருவது அதுதான் முதல்முறை என்று நினைக்க வேண்டாம். ஓலையில் எழுதிய எழுத்தாணிகளில் மடக்கெழுத்தாணி என்று ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் ஆணி, இரண்டும் ஒரு பிடிக்குள் மடங்கும். பிடிக்கு மரமோ தந்தமோ கொம்போ வைப்பார்கள். பிறகு காகிதம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகள் உருக்கு நிப்புகளைக் கோடிக்கணக்கில் அடித்து உலகமெங்கும் அனுப்பியபோது நிப்பைச் செருக ஒரு கட்டை தேவைப்பட்டது. அதுதான் நம் கட்டைப் பேனா. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதுவது. பள்ளிக்கூடப் பிள்ளையும் கச்சேரி குமாஸ்தாவும் கடையில் பேரேடு எழுதியவரும் பிடித்தது கடைந்த மரக் கட்டையைத்தான்.

மை ஊற்றும் பேனா வந்ததும் மரம் வெளியேறியது. காரணம் எளிது. கட்டைப் பேனாவில் மை நிப்போடு நிற்கும். ஊற்றுப் பேனாவிலோ உடம்பே மைக்கூடு. மரத்துக்குள் மை ஊற்றினால் ஊறும், வீங்கும், மரைகள் இறுகும், காய்ந்தால் வெடிக்கும். மை ஊறாத, கடைசலுக்கும் இணங்கிய ஒரு பொருள் வேண்டியிருந்தது. ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய எபோனைட் அதற்கு வாகாக அமைந்தது. கருங்காலிபோலக் கறுத்தது, உளிக்குக் கீழே சுருள் சுருளாக வருவது. மரத்தை விட்டு எபோனைட் கம்பிக்குப் போனாலும் பேனா கடைசல்காரனை விட்டுப் போகவில்லை. ராஜமுந்திரியில் ரத்னம் பேனா அப்படிப் பிறந்ததுதான். அதன் நிறுவனர் கே. வி. ரத்னம் பொற்கொல்லர் மரபில் வந்தவர். சாதாரண மக்களுக்குப் பயன்படும் ஒரு சுதேசிப் பொருளைச் செய்யும்படி காந்தி அவருக்குச் சொன்னார் என்பது அந்தப் பட்டறையின் வரலாறு. தஞ்சாவூரில் பிறந்து வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாவுக்கும் அந்தப் பேனா காந்தியின் கைக்குப் போனதில் பங்கு உண்டு. 1935இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரிலும் எபோனைட்டைக் கையால் கடைந்து பேனா செய்யும் தொழில் இன்றும் இருக்கிறது. அந்தப் பேனாக்களை வெளிநாட்டுக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை.

மரம் திரும்பி வந்தது பந்துமுனைப் பேனாவால். ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற அந்த முனை, மையைக் குழம்பாக்கி ஒரு குழாய்க்குள் அடைத்துவிட்டது. மை இனி மரத்தைத் தொடாது. குழாயைச் சுற்றி என்ன வைத்தாலும் பேனாதான். இதைக் கடைசல்காரர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளச் சில பத்தாண்டுகள் பிடித்தன. ஏழு மில்லிமீட்டர்ப் பித்தளைக் குழாய், முனை, நடுவளையம், கிளிப், திருகு என்று உறுப்புகளைத் தனித்தனியே விற்கத் தொடங்கியபின், 1980களில் அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்காரர்களிடம் இந்த வேலை பரவியது. பட்டறை மூலையில் கிடக்கும் துண்டுகள் அவர்களுக்கும் உண்டுதானே. அங்கிருந்து இங்கும் வந்தது.

வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மரத்தின் குணம் எல்லாம் இதில்தான் தெரியும்.

முதலில் காந்தம். ஓக் மரத்தின் புளிப்பு இரும்பை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். கப்பல் கட்டத் தேக்கைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நல்ல குணம் எனக்கு ஆபத்து. நூறு வருஷத்து ஆணி தலை முறிந்து உள்ளே முழுசாக உட்கார்ந்திருக்கும். சுழலும் கட்டையில் உளி அதன்மேல் பட்டால் முனை தெறிக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டின் நான்கு முகத்திலும் காந்தத்தை நகர்த்திப் பார்க்காமல் ரம்பத்தில் வைப்பதில்லை.

அடுத்து ரேகை பார்ப்பது. உத்திரத்தின் நுனியை நேராக அறுத்தால் கோடுகள் பேனாவின் நீளத்துக்கு ஓடும், அமைதியாக இருக்கும். கொஞ்சம் சாய்த்து அறுத்தால் கோடுகள் குறுக்கே வளைந்து ஏறும், அழகு கூடும், பலம் குறையும். கண் விழுந்த இடம், பக்கத்தில் வெள்ளை ஓடும் இடம் எல்லாம் வீட்டுச் சாமானுக்குக் கழிவு. பேனாவுக்கு அதுவே அணி. பெரிய வேலைக்குத் தள்ளுபடியானதைச் சின்ன வேலை தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

கட்டையை இரண்டாக வெட்டி ஏழு மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அவசரம் ஆகாது. கால் அங்குலம் இறங்கியதும் துரப்பணத்தை வெளியே எடுத்துத் தூளை உதற வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி மரம் பிளக்கும். பித்தளைக் குழாயை உப்புத்தாளால் கீறி, பசை தடவிச் செருகுவோம். இங்கேதான் தேக்கு முரண்டு பிடிக்கும். அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. துளையின் உள்பக்கத்தை அசிட்டோனால் துடைத்து ஆறவிட்டு, உடனே ஒட்ட வேண்டும். தேக்குக்குள் மணல்போல ஒரு சத்து இருக்கிறது. உளியின் முனையைத் தின்றுவிடும். பலா மரம் கடையும்போது சாணைக்கல்லை நினைப்பதில்லை. தேக்கில் ஒரு பேனாவுக்கு ஒருமுறையாவது கல்லுக்குப் போக வேண்டும்.

மெருகு நான் அரக்கில்தான் போடுகிறேன். தாத்தா கயிற்றுக் கடைசலில் வேலை செய்தவர். ஒரு ஆள் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார். கட்டை முன்னும் பின்னும் சுழலும். தரையில் உட்கார்ந்து, கால் விரல்களால் உளியை நிதானப்படுத்தி, கட்டை தன் பக்கம் சுழலும் நேரத்தில் மட்டும் வெட்டுவார். நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிப் பிடிக்கும். மேலே காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் முகம் தெரியும் பளபளப்பு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கன்னட நாட்டுச் சென்னபட்டண பொம்மையும் இந்த அரக்குக் கடைசலின் வம்சம்தான். பேனாவில் நிறம் சேர்க்காத அரக்கைப் பூசுகிறேன். தேக்கின் பொன்பழுப்பு மேலெழுந்து வரும்போது வேறு நிறம் எதற்கு?

ஆறு நூலுக்கும் குறைந்த சீவல்களையும் விடுவதில்லை. தேக்கு, பலா, வேம்பு என்று நிறம் மாற்றி ஒட்டி ஒரு கட்டையாக்கிக் கடைவேன். இதற்கும் முன்னோர் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊற்றுநீர் ஊரில், 1830 வாக்கில், வெவ்வேறு நிற மரக்குச்சிகளைக் கற்றையாக ஒட்டிக் கடைந்து சிறு பெட்டிகளும் மேசைச் சாமான்களும் செய்தார்கள். அறுத்த முகத்தில் கோலம் தெரியும். ஜேம்ஸ் பர்ரோஸ் என்ற தச்சர் தொடங்கியது என்பார்கள். அவர்கள் பச்சை நிறத்துக்குச் சாயம் தேடவில்லை. ஒரு பூஞ்சை பிடித்துத் தானே பச்சையான ஓக் மரத்தைக் காட்டில் பொறுக்கி வந்தார்கள். படித்தபோது அந்தத் தச்சர்கள்மேல் எனக்கு உறவே தோன்றியது.

சில துண்டுகளை மறுப்பதும் உண்டு. செம்மரம் சட்டக் காவலில் இருக்கும் மரம். பழைய மரப்பாச்சியின் கை உடைந்தது என்று கொண்டுவந்தால் ஒட்டிக் கொடுப்பேன், பேனாவாக்க மாட்டேன். தோதகத்திக்காக 1990களில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத தோதகத்தியை எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டறைக்குள் விடுவதில்லை.

ஒரு ஆச்சி வந்தார்கள், தேவகோட்டைப் பக்கத்து ஊர். பையில் சன்னல் சட்டத்தின் ஒரு துண்டு.

“ஆசாரியாரே, வீட்டைப் பிரிச்சாச்சு. பேரன் பேத்தி அஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு பேனா வருமா பாருங்க.”

“வரும் ஆச்சி. இன்னும் மிஞ்சும். எந்தக் கட்டுச் சன்னல் இது?”

“இரண்டாங்கட்டு. சமையக்கட்டுக்குப் போற வழியில. நாங்க வாழ வந்தப்ப எங்க மாமியா உக்காந்து வெத்தல போடுற எடம்.”

அந்தச் சட்டத்தின் ஒரு விளிம்பு மற்ற மூன்றைவிட வழவழப்பாக, இருண்டு இருந்தது. கை பட்டுப் பட்டு ஏறிய எண்ணெய். கடைந்தால் போய்விடும் என்று சொன்னேன். “ஒரு பேனாவில மட்டும் அந்தப் பக்கத்த கடையாம விட முடியுமா?” என்று கேட்டார்கள். உருளையில் ஒரு முகத்தைத் தட்டையாக விடலாம். கட்டையை மையம் தள்ளிப் பிடித்துக் கடைய வேண்டும், கொஞ்சம் கவனம் வேண்டும். அப்படியே செய்தேன். அதில் அரக்கும் பூசவில்லை.

இதுதான் எனக்குப் பிடித்த வகை வேலை. பிடிக்காததையும் சொல்லியாக வேண்டும். பர்மாத் தேக்குப் பேனாவுக்கு வெளியூர்களில் கிராக்கி வந்தபின், முழுத் தூணை நீளவாக்கில் அறுத்துப் பேனாக்கட்டைகளாகப் பெட்டி பெட்டியாக விற்கும் வியாபாரம் தொடங்கியிருக்கிறது. ஒன்பதடித் தூண், போதிகை கொத்தியது, ஒரு பக்கத்தில்கூட உளுப்பில்லை. அதை என் கண்முன் ரம்பத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தூணாக விற்றால் இன்னொரு கூரையைத் தாங்கும். கதவாக விற்றால் இன்னொரு வீட்டில் திறக்கும். ஆறு நூல் கட்டையாக வெட்டிவிட்டால் அதற்குமேல் அது வேறெதுவும் ஆகாது. மூன்றடித் துண்டுக்காக நல்ல பலகையை அறுத்த அந்தக் கப்பல் தளத்துத் தச்சர்களாவது கூலி கிடைக்காமல் செய்தார்கள். இவர்களுக்கு அந்தப் பசி இல்லை. தானாக மிஞ்சியதுதான் துண்டு. மிஞ்ச வைத்ததைத் துண்டு என்று சொல்லி விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை, கடைந்து கொடுக்கவும் மாட்டேன்.

இடிப்புக்காரர்களிடம் நான் கேட்பது இன்னொன்றும் உண்டு. சட்டத்தைக் கழற்றும்போதே அதன் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஊர், வீட்டு விலாசம், எந்தக் கட்டு, எந்த உறுப்பு என்று நான்கு சொல் எழுதிவிடுங்கள். லாரியில் ஏறியபின் அதைச் சொல்ல ஆளில்லை. காரைக்குடிக் கடையில் இறங்கும்போது கானாடுகாத்தான் உத்திரமும் கண்டனூர்க் கைமரமும் ஒரே குவியல்தான். சிலர் சிரிக்கிறார்கள், இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதி அனுப்பும் துண்டுகளைத் தனித் தட்டில் வைத்து, கடைந்த பேனாவோடு அந்த நான்கு சொல்லையும் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது தட்டில் இருப்பவை: பள்ளத்தூர், முகப்பு, வடக்குத் திண்ணைத் தூணின் அடிக்கட்டை; ஆத்தங்குடி, மாடிப்படிக் கைப்பிடி; கோட்டையூர், பரண் பலகை, கறையான் தின்றதுபோக ஒன்பது அங்குலம்.